தானாகக் கைக்கு வரும் கெண்டை

1

தமிழில் இதுவரை யாரும் எழுதத் துணியாத உண்மையை இந்தக் கதை, ஏரியின் பெயரோடு, அச்சில் ஏற்றப்போகிறது. எழுதுபவன் கருணாகரன், விலங்கியல் இரண்டாமாண்டு, ஊட்டி. கதை பிறந்தது ஆய்வக மேசையில். அறுத்து வைத்த கெண்டையின் செவுள் சீப்புப் பல்லாகப் பிரியாமல் கோழையில் ஒட்டிக் கிடந்தது. ஈயம், காட்மியம் என்றது பரிசோதனைத் தாள்.

பேராசிரியர் வேலுசாமி இதே ஏரியைப் பற்றிய தம் கட்டுரையில் ‘நீலகிரியில் ஓர் ஏரி’ என்று எழுதி முடித்துக்கொண்டார். கல்லூரி மலரில் கருணாகரன் கேட்டான்: ‘ஏரிக்குப் பெயர் வைத்தவன் முட்டாளா?’

2

தொடக்கம் ஒன்று: [பனிப்போர்வை போர்த்திய நீலமலை...] கோடு போட்டு அடித்தாயிற்று. பனி ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு: [மீன் பேசியது...] பரிசு கிடைக்கும். ஆனால் இந்த மீனுக்கு மூச்சுவிடவே நேரமில்லை.

மூன்று: [ஏரிக்கு மேலே பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை. கழுவிய தண்ணீர் நேராக ஏரிக்கு.] இது இருக்கட்டும்.

3

கதைக்கு ஆள் வேண்டுமே. கரையில் மீன் வறுத்து விற்கும் மூக்கம்மாவிடம் போனான். அறுத்த மீனும் அவளிடம் வாங்கியதுதான்.

"ஏனுங்க தம்பி, மறுக்காவும் அறுக்கவா? ஒருக்காவாச்சும் தின்னு பாருங்க."

"மீனு நல்லா சிக்குதாக்கா?"

"முன்னெல்லாம் வலையப் போட்டுட்டு நாள் பூரா காத்துக் கெடப்போமுங்க. இப்ப அதுவே மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது. கூடையில அள்ளறதுதான். மாரியாத்தா குடுத்ததுங்க."

(அடிக்குறிப்பு: செவுள் கெட்ட மீனுக்குத் தண்ணீரில் மூச்சு எட்டாது. மேலே வந்து காற்றை விழுங்கும். தப்பி நீந்தத் தெம்பிராது. ஆத்தா கொடுத்தது இதைத்தான்.)

மீனில் விஷம் இருப்பதையும், அதை ஏரியின் பெயரோடு எழுதப்போவதையும் அவளிடம் சொன்னான். கரண்டி நின்றது.

"அப்ப நான் ஒரு வருசமா தின்னுட்டிருக்கறனே? வெரலெல்லாம் மதமதங்குதுன்னு ஆசுபத்திரி போனா, குளிருன்னுட்டாங்க."

அவன் அதை நோட்டில் குறித்துக்கொண்டான்.

"ஏரி பேரப் போட்றாதீங்க தம்பி. ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு நிக்காது. பட்டறைக்காரன் வேற ஊருக்குப் போயிருவான். நான் எங்கீங்க போவேன்?"

4

முடிவு அ: பெயர் வருகிறது, பட்டறையை மூடுகிறார்கள். (நம்புகிறவர்கள் கை தூக்கவும்.)

முடிவு ஆ: பெயர் வருகிறது, கடை மூடுகிறது. பட்டறை புதிதாக வெள்ளையடித்து...

முடிவு இ: பெயர் வரவில்லை. மூக்கம்மா இரவுச் சோற்றுக்குக் கெண்டையை அலசுகிறாள். விரல்களால் அதை...

5

இனி உங்கள் பாடு, வாசகரே. கோடைக்கு எப்படியும் மலையேறி வருவீர்கள். ஏதோ ஒரு கரையில் மீன் வறுபடும். தின்பதா, கேட்பதா என்பதை அங்கே நின்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கைப்பிரதியில் ஏரியின் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. அச்சகத்துக்குப் போகும் வழியில், பஸ் நிலையத் திண்டில் உட்கார்ந்து, கருணாகரன் ஏழையும் அடித்தான். மேலே ‘ஓர் ஏரி’ என்று எழுதினான். கையெழுத்து நன்றாகவே வந்தது.