அக்கா சொன்ன குறைகள்

1

இந்தக் கதையை அக்காவிடமிருந்து எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான். "எழுதிக்கோ, ஆனா அழுமூஞ்சிக் கதையா எழுதாத" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மனநல வார்டின் ஜன்னலில் மழை

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாய்ப்பேச்சில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஒரு நாள் காலையில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவளால் வண்டியை எடுக்க முடியவில்லை. அதற்குப்பின் படுக்கைதான். எதைக் கேட்டாலும் "ம்". மாமா உப்புப் போட மறந்து சமைத்ததைக்கூடப் பேசாமல் சாப்பிட்டாள். மாமா பயந்துபோனது அன்றுதான். மருத்துவமனையில் சேர்த்தோம்.

(டாக்டரைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்டினால் கதைக்கு வசதி. மனிதர் இடம் கொடுக்கவில்லை.)

3

மாத்திரை, தினமும் டாக்டரோடு பேச்சு, பக்கத்துக் கட்டில்காரியோடு கேரம். இப்படியே வாரங்கள் போயின. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரோடு நர்ஸும் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, இங்கே கொடுத்த சிகிச்சை திருப்தியா என்று விசாரித்தாள். எல்லோரிடமும் கேட்பதுதான். மாமா "ரொம்பத் திருப்தி" என்று முந்திக்கொண்டார்.

அக்கா அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"தலையணை செங்கல் மாதிரி இருக்கு. டீ ஆறித்தான் வருது. அந்த ஃபேன் போடுற சத்தத்துக்கு அதுக்கே ரெண்டு மாத்திரை கொடுக்கணும்." பிறகு டாக்டரைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நான் பேசும்போது நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க. ஒரு தடவை இல்ல. அது கஷ்டமா இருந்துச்சு."

டாக்டர் மறுக்கவில்லை. பார்த்தது உண்மைதான், இனி கவனமாக இருக்கிறேன் என்றார். நர்ஸின் முகம் தொங்கிவிட்டது. மாமா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டா" என்றார்.

அப்படியானால் திருப்தி இல்லை என்று போட்டுக்கொள்ளலாமா என்று நர்ஸ் தயங்கிக் கேட்டாள்.

"யாரு சொன்னா? வந்தப்போ எனக்கு எதுவுமே உறைக்கலம்மா. இப்ப தலையணை உறுத்துது. அதுக்கு என்ன போடணுமோ போட்டுக்கோ."

4

முடிவு ஒன்று: அக்கா வேனில் ஏறியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். (பொய். அந்தப் பிள்ளைகளா? ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளவே நேரம் போதாது.)

முடிவு இரண்டு: சில மாதங்களில் மறுபடியும் அவளுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நடக்கக்கூடாதது என்றில்லை; டாக்டரும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார். மாத்திரை தொடர்கிறது.)

தெரிந்தது இவ்வளவுதான். நேற்று காலி வேனைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தாள். மாமா ஏதோ கடைக்குப் போகிறவர்போலப் பின்னாலேயே நடந்தார். நாளைக்குப் பள்ளி திறக்கிறது, கதையைப் பத்திரிகைக்கு நான் இன்றே கொடுத்தாக வேண்டும். அவளை முந்திக்கொண்டு முடிவு எழுதுவது சரியில்லை. காலையில் உங்கள் தெருவழியாக ஒரு பள்ளி வேன் போனால், ஓட்டுகிறவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வேன் கழுவப் போக வேண்டும். அக்கா இரண்டாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டாள்.