முத்துப்பேச்சியின் கலங்கிய கண்

முப்பத்தாறாம் வருஷம் தை மாதம் சுருளிவேலுக்கும் முத்துப்பேச்சிக்கும் கல்யாணம் நடந்தது. அவனுக்குக் காமயகவுண்டன்பட்டி, அவளுக்குக் குச்சனூர். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்ததும் அவள் கண் கலங்கத் தொடங்கியது.

காலையில் நன்றாகத்தான் இருப்பாள். அவன் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் கண் இரண்டும் சிவந்து இமை தடித்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டேதான் சோறு போடுவாள்.

"என்ன பேச்சி?"

"ஒண்ணுமில்ல. உறுத்துது."

சுருளிவேல் நம்பவில்லை. ஆனால் அவன் பெரிய கூச்சக்காரன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. 'என்னைப் பிடிக்கலையா' என்று பெண்டாட்டியிடம் கேட்க நாக்கு எழவில்லை. அதனால் பக்கத்திலிருந்த கம்பம் டவுனுக்குப் போகும்போதெல்லாம் எதையாவது வாங்கி வந்தான். கருப்பட்டி மிட்டாய், மல்லிகைப்பூ, ஒரு டஜன் கண்ணாடி வளையல். அவளும் ஆசையாக வளையலைப் போட்டுக்கொண்டு, பூவை வைத்துக்கொண்டு, சிரித்தபடியே கண்ணீர் விட்டாள்.

பக்கத்து வீட்டு ஜக்கம்மா தெருவில் அவனை மறித்துக் கேட்டேவிட்டாள்.

"ஏப்பா, அந்தப் பிள்ளைய என்னதான் செய்யுற? எந்நேரமும் அழுத மூஞ்சியா இருக்கா!"

 மறுநாள் விடிந்ததும் வண்டி பூட்டி அவளைக் குச்சனூருக்குக் கூட்டிப் போனான்.

மூன்றே நாளில் கண் தெளிந்துவிட்டது. சிவப்பில்லை, வீக்கமில்லை. வாய்க்காலில் குளித்துவிட்டுத் தங்கச்சியோடு சிரித்துக்கொண்டே வந்தவளைப் பார்த்ததும் அவன் போய் வண்டியைப் பூட்டினான்.

"நீ இங்கனயே கொஞ்ச நாள் இரு" என்றான். அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

நாலு நாள் பொறுத்தாள் முத்துப்பேச்சி. ஐந்தாம் நாள் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். வீட்டு முற்றத்தில் அவன் தனியாக உட்கார்ந்து இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் இறக்கிய காயெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தது. போன மாதம் முழுக்க இருவருமாகத்தான் உடைத்துப் பஞ்சு எடுத்தார்கள்.

"எதுக்கு என்னைய விட்டுட்டு வந்தீக?"

அவன் தலை நிமிரவில்லை. "அங்கன சிரிச்சுக்கிட்டு இருந்த. இங்கன வந்தா அழுகுற."

"யாரு அழுதா?"

மேற்காலே இருந்து காற்று ஒரு சுழற்று சுழற்றியது. பஞ்சு எழும்பி அவள் முகத்தில் படிந்தது. அவ்வளவுதான், அடுக்கடுக்காக ஏழெட்டுத் தும்மல். கண்ணைக் கசக்கக் கசக்க நீர் கொட்டியது. முத்துப்பேச்சி கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டாள்.

"அட, இந்தப் பஞ்சுதாங்க! எனக்கே இப்பத்தான் தெரியுது. அழுகுறவளுக்குக் கண்ணு அரிக்குமா? அதுக்குள்ள நான் உங்களப் பிடிக்காம அழுதேன்னு நெனச்சீகளாக்கும்!"

 அவன் முகம் காது வரைக்கும் மலர்ந்தது.

கம்பத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஞானமுத்து இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"தூசி சிலருக்கு ஒத்துக்காதும்மா. கசக்குனா இன்னும் வீங்கும். வெங்காயச்சாறு, தாய்ப்பாலுன்னு யாரு சொன்னாலும் கண்ணுல விடாத. கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில கழுவு. சுத்தமான துணிய அதுல நனைச்சு, கண்ண மூடி மேல போட்டுக்க. காத்தடிச்சா கண்ணு காஞ்சு எரியும், அப்பப்ப நல்லா இமைக்கணும். எல்லாத்தையும் விட, அந்தப் பஞ்ச வீட்டுல வைக்காதீக."

அன்றைக்கே காய்க்குவியல் மொத்தமும் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டது. சுருளிவேல் அங்கேயே உடைத்து, கிணற்றில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

அப்படியும் காற்று அடிக்கிற நாளில் அவளுக்கு எரியத்தான் செய்தது. அவனே துணியை நனைத்துப் பிழிந்து அவள் கண்மேல் போடுவான். கால் மணி நேரம் அசையாமல் படுத்திருப்பாள்.

"சும்மா படுத்துக் கெடக்க முடியல. ஏதாச்சும் பேசுங்க" என்றாள் ஒருநாள்.

அவள் பார்வை தன் மேல் இல்லாததாலோ என்னவோ, அவனுக்குப் பேச்சு வந்தது. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைச் சொன்னான். பெண் பார்க்க வந்த அன்று அவள் கொடுத்த காப்பியில் சீனியே இல்லை என்பதையும் சொன்னான்.

"பெறகு ஏன் ரெண்டாவது தம்ளரும் வாங்கிக் குடிச்சீக?"

"நீ மறுபடி வருவேல்ல" என்றான் சுருளிவேல்.