பன்னிரண்டு மணி நாடி

மேட்ரன் மூன்றாவது முறையாக ஆளனுப்பியபோது பெரிய சிஸ்டர் ஒன்பதாம் படுக்கைக்காரரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தினர் வந்துவிட்டாராம், மேடையில் அவள் நாற்காலி மட்டும் காலியாம், உடனே வரவேண்டுமாம். எனக்குப் பதில் யார் நிற்பது என்று கேட்டாள். பக்கத்து வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். இந்த ஆஸ்பத்திரியில் கிளம்பிவிட்டார்கள் என்றால் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாததல்ல.

இருபத்தாறு படுக்கைக்கு ஒற்றை ஆள். மாற்றுக்கு வரவேண்டியவள் காய்ச்சலில் விழுந்துவிட்டதால், நேற்று மதியம் வந்தவள் விடிந்தும் வீடு போகவில்லை. கால் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. 'செவிலியர் ஓய்வறை' என்று பலகை தொங்கும் அறையில் நான்கு வருடமாகக் குளுக்கோஸ் பெட்டிகள்தான் ஓய்வெடுக்கின்றன. இந்த லட்சணத்தில் அவளுக்கு விருது. 'ஓய்வறியாத் தொண்டு' என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, கட்டாயம் மதியம் தூங்குகிறவராகத்தான் இருப்பார்.

விருது இல்லாமல் அவளுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. ஆனால் மகள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அரங்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளியில் பரிசு வாங்கிய ஒரு மேடைக்குக்கூட அம்மா போனதில்லை. "எனக்குத்தான் நீ கைதட்டல, உனக்காவது நான் தட்டிக்கறேன்" என்று காலையில் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் அதிகமாக வலித்தது.

பதினொன்றாம் படுக்கையில் ஒரு தையற்காரர். நெஞ்சுவலியோடு வந்து மூன்று நாளாகிறது, தேறிக்கொண்டு வந்தார். பெரிய சிஸ்டரின் சட்டைப்பை கோணலாகத் தைக்கப்பட்டிருப்பதை முதல் நாளே கண்டுபிடித்து, வெளியே போனதும் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு மணிக்கொரு முறை நாடி பார்த்துக் கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதவேண்டும். சிஸ்டர் எழுதிவிட்டுத் திரும்பியதும் அவர் மனைவி எழுந்து வந்து, அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். வெளிநாட்டில் இருக்கும் மகன் சாயங்காலம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்பானாம். நோட்டு கடையின் அளவு நோட்டு. யாருடைய தோளளவோ கையளவோ இருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் புருஷனின் நாடி. எழுத்து அவளுக்கு அவ்வளவாக வராது. எண் அச்சுப்போல் வரும்.

அந்த அம்மாள்தான் சொன்னாள்: "போயிட்டு வாங்க சிஸ்டர். நேத்துலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. நான் இங்கதானே இருக்கேன்."

பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு மேலதிகாரிகள் சுற்றி வருவார்கள். தாளில் காலிக் கட்டம் இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பொய் எண் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. புதிதாக வரும் பெண்கள் முன்கூட்டியே எழுதிவைத்து அவளிடம் எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "செத்தவனுக்கும் நாடி எழுதுவியா நீ?" என்று கேட்டு அழவைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, பேனாவை எடுத்துப் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் எண்பத்திரண்டு என்று எழுதினாள். பதினொரு மணிக்கும் அதுதான் இருந்தது. பத்துக்கும் அதுதான். தையற்காரர் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அரங்கத்தில் அவளைப் பற்றி மேட்ரன் படித்தார். ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை என்றார், கைதட்டினார்கள். தன் தாயார் இறந்த மறுநாளே வேலைக்கு வந்தவர் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அன்று அவள் கேட்ட விடுப்பை மறுத்தவர் இதே மேட்ரன்தான். பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. மூன்றாவது வரிசையில் மகள் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த கண் தற்செயலாக வாசலுக்குப் போனது. அங்கே பூங்கொத்துத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது பக்கத்து வார்டு நர்ஸ். வார்டுக்குக் கிளம்பியவளை வழியில் மறித்து, வரவேற்புக்கு ஆள் குறைகிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

பெரிய சிஸ்டர் பாதி எழுந்துவிட்டாள். மேட்ரன் சிரித்த முகம் மாறாமல் அவள் கையை அழுத்தினார். "ரெண்டே நிமிஷம்மா. போட்டோ எடுக்கணும்." விருந்தினர் பேசி முடித்துப் போட்டோ எடுக்க அரைமணி ஆனது. கேடயத்தையும் பூங்கொத்தையும் மகள் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பதினொன்றாம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பதினொன்றரைக்கு நெஞ்சு நின்றதாம். அந்த அம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல், வெறுங்காலோடு தாழ்வாரம் முழுக்க ஓடி மாடியிலிருந்து டாக்டரை அழைத்து வந்தாளாம். பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. பக்கத்திலேயே பத்துப் பேர் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். பொய் சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஓட்டத்தை ஓடியிருக்கவேண்டிய கால்கள் மேடையில் அல்லவா இருந்தன.

பின்னாலேயே வந்த மேட்ரன் கால்மாட்டுத் தாளைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் உருவி, நாலாக மடித்து அவள் சட்டைப்பையில் வைத்தார். "வேற தாள்ல எழுதி வச்சுடு. யாரும் பாக்கல" என்று முணுமுணுத்துவிட்டு, விருந்தினருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனார்.

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். திரைக்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகமாகவும் தெரியவில்லை, இன்னும் தொடங்காத முகமாகவும் தெரியவில்லை. மடியில் அளவு நோட்டு திறந்திருந்தது.

"சிஸ்டர், நீங்க எழுதிட்டுப் போனதும் நானும் எழுதிக்கிட்டேன். பன்னெண்டு மணிக்கு எண்பத்திரண்டு." விரலை வைத்துக் காட்டினாள். "டாக்டர் பதினொன்னு அம்பதுன்னு சொல்றாரு. அப்ப அதுக்கப்புறமும் உயிர் இருந்திருக்கு, இல்ல? அவசரப்பட்டு மூடிட்டாங்களா?"

ஆமாம் என்றாலும் பாவம், இல்லை என்றாலும் பாவம். கட்டிலருகே பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு முக்காலி கிடந்தது. பெரிய சிஸ்டர் அதில் உட்கார்ந்தாள். தினம் பத்து நிமிடம் இப்படி உட்கார விட்டிருந்தால், இந்த ஒரு மணி நேரத்தைத் திருடி எடுத்திருக்க வேண்டாமே என்று நினைத்தாள். நினைத்து என்ன ஆகப்போகிறது.

"அது நான் எண்ணலம்மா" என்றாள். "போற அவசரத்துல முன்னாடியே எழுதினது."

அந்த அம்மாள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். இன்று காலை, நேற்று, முந்தாநாள். எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு. பக்கம் முழுக்க ஒன்றன்கீழ் ஒன்றாக.

"அப்ப இதெல்லாம்?"

இதெல்லாம் உண்மை. பெரிய சிஸ்டர் எழுதிய ஒவ்வொன்றும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணியது. சொல்ல வாயெடுத்தாள். சட்டைப்பைக்குள் மடித்த தாள் குத்தியது.

வார்டு வாசலில், கேடயத்தைக் கக்கத்திலும் பூங்கொத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு மகள் வந்து நின்றாள். திரை விலகியிருந்த இடத்தில் அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. வார்டில் அம்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனை உயர்த்தினாள்.