லேபிள் சுரண்டிய பாட்டு

ஊரே ஆடுகிற பாட்டு அது. ஊரென்ன, உலகமே ஆடியது. பாரிஸில் கல்யாண வீட்டில் ஆடினார்கள், ஆப்பிரிக்காவில் பேருந்து நிலையத்தில் ஆடினார்கள், ஜப்பானில் பள்ளிக்கூடச் சீருடை போட்ட பெண்கள் வரிசையாக நின்று ஆடினார்கள். எல்லாம் கைபேசியில் வந்தது. ஆனால் அதைப் பாடிய ஆண் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நிக்கனோர். அவருக்கும் தெரியாது.

நிக்கனோர் கார்த்தஹேனா என்கிற துறைமுக ஊரில் பழைய பிக்கோக்காரர். வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை தெருவை மறித்து ஆட்டம் நடத்துகிற பிழைப்பு. அவருடைய பிக்கோவின், அதாவது அந்த ஒலிபெருக்கி அடுக்கின், முகப்பில் கொடுக்கைத் தூக்கிய தேள் ஒன்று வரைந்திருக்கும். இந்தப் பிழைப்பில் எவனையும் நம்பக்கூடாது. வெளிநாட்டு இசைத்தட்டு கைக்கு வந்தால் முதல் வேலை, பிளேடை எடுத்து நடுவிலிருக்கும் லேபிளைச் சுரண்டுவது. பாடினவன் பெயர் போச்சு, ஊர் போச்சு. அப்புறம் வாய்க்கு வந்த பெயரை வைத்து மைக்கில் கத்துவது. எதிராளி தலைகீழாக நின்றாலும் அந்தத் தட்டு அவனுக்குக் கிடைக்காது.

தட்டைச் சுரண்டிச் சுரண்டி, ஆளையும் சுரண்டப் பழகிவிட்டார்.

அந்தப் பாட்டில் பெண் குரல் ஒதீலியாவுடையது. ஹோட்டல் துணி வெளுக்கிறவள், நல்ல தொண்டை. அவளைத் தெருவுக்கே தெரியும், மறைக்க முடியவில்லை. கூடப் பாடியவன் ஹைத்திக்காரன். காகிதமில்லாமல் எல்லை தாண்டி வடக்கே போகிற கூட்டத்தோடு வந்து படகுக்காகக் காத்துக் கிடந்தவன். வெளிச்சத்தம் வராமல் மெத்தைகளைச் சுவரோடு சாத்திய அறையில் ஒரே மத்தியானத்தில் பாடிப் பதிவு செய்து முடித்தார்கள். அவள் ஸ்பானிஷிலும் தன் ஊர் பலேங்கே பாஷையிலும் கேட்க, அவன் அவனுடைய பாஷையில் பதில் சொல்லுகிற பாட்டு. நிக்கனோர் இரண்டு பேருக்கும் நடுவில் கம்பம் மாதிரி நின்றுகொண்டார். பெயர் கேட்காதே, நம்பர் கொடுக்காதே, பாடு, போ. அவரும் அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. தனக்கே தெரியாததை எவனால் ரம் ஊற்றிப் பிடுங்க முடியும் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மைக்கில், "கினியா இளவரசன்! தேளுக்கு மட்டும்!" என்று கத்தினார். ஹைத்திக்காரன் அதற்குள் படகேறிப் போய்விட்டான்.

கூட்டத்தில் எவனோ கைபேசியில் பிடித்தது உலகம் சுற்றியது. அதன் பின்னால் இசைத்தட்டுக் கம்பெனி வந்தது.

கம்பெனி ஆளுக்குப் பெயர் லிசாந்திரோ. கழுத்தில் டை கட்டியிருந்ததால் எல்லாரும் டாக்டர் என்றார்கள். நிக்கனோரின் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பெயருக்கு முன்னால் மரியாதைக்குத் 'தோன்' போட்டுப் பேசினார்.

"இளவரசன் யாருன்னு சொல்லுங்க, தோன் நிக்கனோர். அவன் கையெழுத்து இல்லாம அவன் குரலை நாங்க வெளியிட முடியாது."

"தெரியாது, டாக்டர்."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். பாட்டு மீன் மாதிரி, வச்சிருந்தா நாறிடும். ஆள் வரலேன்னா அவன் குரலை எடுத்துட்டு எங்க பாடகர் குரலைப் போட்டுடுவோம். மியாமியில தயாரா இருக்கார்."

"அவரு ஹைத்திக்காரரா?" என்றாள் ஒதீலியா.

"இல்லம்மா. அந்தப் பாஷையைக் கத்துக்குவார்."

"கத்துக்குவாராமே! ஆளா, கிளியா?"

டாக்டர் போனதும் அவள் நிக்கனோர் பக்கம் திரும்பினாள்.

"கெழவா, முழு ஆளை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாம நிக்கிறியே. உலகமே அவன் குரலுக்கு ஆடுது. அதை வழிச்சு எறியப் போறாங்க."

"நான் என்ன பண்ணட்டும்? தொழில் அப்படி."

"தொழிலாம் தொழில்! கண்டுபிடி. இல்ல, உன் தேளு மேல சுண்ணாம்பை அடிச்சுட்டுப் போயிடுவேன்."

அவள் மிரட்டினது அவருக்குப் பெரிதில்லை. ஆனால் அதன் பிறகு அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். படுத்தால் முதுகில் முள். தெருவில் போகிற மோட்டார் சைக்கிளெல்லாம் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. அவன் குரல் வரும் இடம் வந்தால் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவார். இந்தக் குரலை இங்கே கொண்டுவந்தது நான், இதன் பெயரைத் தின்றதும் நான் என்று நினைப்பு ஓடும். தன்னைத் தானே குற்றம் சொல்லிப் பழகியவர் இல்லை அவர். அதனால் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், வெயில் சாயுமுன், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நடுவில் நிறுத்தினார். தெரு ஊளையிட்டது. நிக்கனோர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் அந்தச் சனியன் பிடிச்ச கைபேசியைத் தூக்குங்க. நல்லாப் பிடிங்க. கினியா இளவரசன்னு ஒருத்தன் கிடையாது. நான் விட்ட சரடு அது. அவன் ஹைத்திக்காரன். பேரு எனக்குத் தெரியாது. கேக்கல. டேய், நீ எங்க இருந்தாலும் கூப்பிடு. செவ்வாய்க்குள்ள கூப்பிடு. இல்லேன்னா உன் குரலைத் தூக்கிடுவாங்க."

தன் கைபேசி எண்ணையும் சொன்னார். பிக்கோக்காரன் தன் பாட்டின் ரகசியத்தைத் தானே மைக்கில் சொல்வது, சேவல் சண்டைக்காரன் தன் சேவலின் கழுத்தைத் தானே திருகுவது மாதிரி. ஓரத்தில் நின்ற எதிராளி பிக்கோ ஆட்கள் விசிலடித்தார்கள். "தேளு கொடுக்கு கழண்டுடுச்சு டோய்!" என்று ஒருத்தன் கத்தினான். நிக்கனோர் காதில் வாங்காதவர் போல மறுபடி பாட்டைப் போட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து கைபேசி அடித்தபடியே இருந்தது. சிலியிலிருந்து இளவரசன், பிரேசிலிலிருந்து இளவரசன், பக்கத்துத் தெருவிலிருந்தே ஒரு இளவரசன். பாடிக் காட்டு என்று கேட்பதில் பிரயோசனமில்லை, உலகத்துக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். நிக்கனோர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அன்னிக்கு உனக்கு என்ன சாப்பாடு போட்டேன்?"

"மீனும் தேங்காய்ச் சோறும். உங்க கையாலேயே போட்டீங்க."

"வைடா போனை."

"ஆட்டுக்கறி சூப்பு, தோன் நிக்கனோர். அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு."

"வை."

"உங்க அம்மா சமைச்சது, ஐயா."

"எங்கம்மா செத்தப்போ உங்கப்பனுக்கு மீசையே முளைச்சிருக்காதுடா. வை!"

ஒதீலியா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போடுவாள், எழுவாள், வாசலுக்குப் போவாள், வருவாள். நிக்கனோர் எதிர்த் திசையில் நடப்பார். சின்ன முற்றம் அது. இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

அவள் ஐஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில் கைபேசி அடித்தது.

"என்ன சாப்பாடு போட்டேன்?" என்றார் நிக்கனோர், யாரென்றுகூடக் கேட்காமல்.

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடியது. பிறகு உடைந்த ஸ்பானிஷில் ஒரு குரல் வந்தது.

"சாப்பாடா? அடப் பாவி, என் எதிர்ல உக்காந்து முட்டை வச்சுப் பொரிச்ச சோள அரெப்பா தின்னியே! எண்ணெய் உன் முழங்கையில வழிஞ்சுது. எனக்கு ஒண்ணு கேட்டேன். காலி வயித்துலதான் குரல் ஏறும்னு சொன்னே."

நிக்கனோர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்டா. நீதான். எங்கடா இருக்கே? பேரைச் சொல்லு. கம்பெனிக்காரன் சாயங்காலம் வரான். கையெழுத்துப் போட்டா உன் குரல் இருக்கும்."

"வடக்க இருக்கேன். கோழி வெட்டுற இடம். இங்க வேலை செய்யறவன் ஒருத்தன் தினமும் நம்ம பாட்டைப் போடுறான். எல்லாரும் றெக்கையை வெட்டிக்கிட்டே ஆடுறாங்க. நானும் ஆடுறேன். அது நான்தான்னு சொன்னதில்ல."

"ஏன்டா?"

"நான் இங்க வேற ஒருத்தன் பேர்ல இருக்கிற காகிதத்துல வேலை செய்யறேன் கெழவா. என் முகம் ஒரு தடவை டிவியில வந்துச்சுன்னா அடுத்தாப்ல போலீஸ் வண்டி வரும், பிடிச்சு ஏத்திடுவாங்க. நீ வச்ச பேரே இருக்கட்டும். இளவரசனை எவனும் கைது பண்ண மாட்டான்."

"அப்போ உன் குரலைத் தூக்கிடுவாங்கடா. உன் குரல்!"

"என் கழுத்தும் என்னோடதுதான். அந்தப் பொண்ணைக் கையெழுத்துப் போடச் சொல்லு. அவளாவது துணி வெளுக்கறதை விடட்டும்." இயந்திரம் நின்றது. குரல் தணிந்தது. "என் பேரை உன்கிட்ட சொல்றேன். வடக்க வர்ற வழியில காட்டைத் தாண்டினதுலேர்ந்து அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்ல, நானே மறந்துடுவேன் போல இருக்கு. ஒரு தடவை திருப்பிச் சொல்லு. அப்புறம் எவன்கிட்டயும் சொல்லாத."

சொன்னான். தன் பெயர், அப்பன் பெயர், ஊர்ப் பெயர். நிக்கனோர் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு சரியில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னார். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

டாக்டர் சாயங்காலம் சொன்னபடி வந்தார். "ஆள் கிடைச்சானா?"

"இல்ல. கூப்பிட்டவனெல்லாம் களவாணிப் பயலுக."

"ஒருத்தன்கூடவா?"

"ஒருத்தன்கூட."

இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகிய வாய், சுலபமாக வந்தது. ஆனால் ஒதீலியா அவர் கையைப் பார்த்துவிட்டாள். அது கைபேசியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அவரை ஒலிபெருக்கிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னான்?"

"உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். அவன் காகிதம் சரியில்ல, வெளியில வந்தா பிடிச்சுடுவாங்க."

"உங்கம்மா மேல சத்தியமா?"

"எங்கம்மா மேல."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இன்னும் கிட்ட இழுத்தாள். "பேர் என்ன?"

"தெரியாது."

"நடிக்காத. அவன் உனக்கா பாடினான்? என் பக்கத்துல நின்னு, என் மூச்சைப் பார்த்து மூச்சு விட்டுப் பாடினவன். எனக்குச் சொல்லு."

"உனக்கு வாய் பெருசு. மேடையில நின்னு ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு உளறிடுவே. தெரியாது."

அவள் தரையில் துப்பினாள். அவர் காலிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது. போய்க் கையெழுத்துப் போட்டாள். அழுத்தின அழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. டாக்டர் வேறொரு காகிதம் எடுத்தார், மறுபடி போட்டாள். டாக்டரின் வண்டி கிளம்பிப் போனது.

நிக்கனோர் முற்றத்தில் நடந்தார். அந்தப் பெயர் சூடான மரவள்ளிக்கிழங்கு மாதிரி வாய்க்குள் கிடந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மறந்துவிடுமோ என்று உதட்டை அசைத்துப் பார்த்தார். யாராவது உதட்டைப் படித்துவிடுவார்களோ என்று உடனே நிறுத்தினார்.

ஒதீலியா வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"நீ ஒரு நாள் செத்துப் போவே, கெழவா. அப்போ அவன் பேரு எங்க போகும்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒருத்தனும் தேறவில்லை. ஒதீலியா பதிலுக்காக வாசலிலேயே நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் ஒலிபெருக்கிகளைச் சுற்றி மறுபடி நடந்துகொண்டிருந்தார்.