அடியில் ஒரு சாண் டீசல்

பதினெட்டு வருஷமாக பஸ் டிப்போவில் டீசல் பம்பு பிடிக்கிறவளுக்கு எந்த நாற்றமும் உறைக்காது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீசல் வாடை எனக்குச் சோற்று வாடை மாதிரிதான், அது இருந்தால்தான் என் வீட்டில் அடுப்பெரியும். எனக்குக் குமட்டுவது வேறு. எங்கள் மேனேஜர் லூபென் கேன்டீனில் குடல் சூப்பை உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்துவாரே, அதுதான். மீசையில் பூண்டும் கொழுப்பும் ஒட்டியிருக்கும். அதை நாக்கால் வழித்துக்கொண்டே அடுத்த வார்த்தையைத் தொடங்குவார்.

அந்த நவம்பரில் பாடம் புது டீசலைப் பற்றி. புது வருஷம் பிறந்தால் நாடு முழுக்கக் கந்தகம் நீக்கிய டீசல்தான் என்று சட்டம் வந்துவிட்டது. டீசல் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே கடிதம் போட்டிருந்தார்கள். புதுசு வந்து இறங்குவதற்குள் தரைக்கடியில் இருக்கிற தொட்டியை ஒட்டக் காலி செய்து, கழுவி, காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது டீசல் பழைய கசடையெல்லாம் சுவரிலிருந்து உரித்து எடுத்துவிடும், அத்தனையும் வண்டி ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும் என்று தெளிவாக எழுதியிருந்தது. தொட்டியைக் கழுவ ப்லோவ்திவ் நகரத்திலிருந்து ஆட்கள் வரவேண்டும், மூன்று நாள் பஸ் ஓடாது.

"மூணு நாளா? கந்தகத்த எடுத்துட்டா டீசல்ல என்னய்யா மிச்சம்? வெறும் வறட்டுத் தண்ணி. எஞ்சின் பம்பு ஒரே மாசத்துல தேஞ்சு போயிரும்," என்றார் லூபென். "உங்க வீட்டுப் பொம்பளைங்க தயிர்ச் சட்டிய ஒட்டக் கழுவிட்டா பாலைக் காய்ச்சி ஊத்துறாங்க? ஒரு கரண்டி பழசு விட்டு வெக்கிறாங்கல்ல? உறை இல்லாம எப்படித் தோயும்? இதுவும் அப்படித்தான். அடியில ஒரு சாண் பழசு கிடக்கட்டும். மேல புதுசு விழுந்தா அதுக்கும் கொழுப்பேறிக்கும்."

"அண்ணே, அப்ப டேங்க்குல ஒரு கரண்டி தயிரையும் ஊத்திரலாமா?" என்றான் மின்கோ. கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற ஸ்மோல்யானுக்கு பஸ் ஓட்டுகிறவன்.

"ஊத்துடா. உன் பஸ்ஸு பால் கறக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் நம்பினார்கள். வீட்டுக்கு வீடு தயிர் தோய்க்கிற ஊர் எங்களுடையது, பக்கத்து வீட்டில் உறை கடன் வாங்காத குடும்பம் கிடையாது. பஞ்ச காலத்தில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி லாரி ஓட்டியவர்களுக்கு டீசலில் கொழுப்பு வேண்டும் என்பது வேதவாக்கு. தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அந்தத் தயிர்க் கதையை ஒருத்தரும் வாயில் எடுத்திருக்க மாட்டார்கள். பார்க்கிற வேலை என்னுடையது. வாரா வாரம் அளவுகோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி உள்ளே விடுவேன். நாலு விரல் உயரத்துக்குப் பசை சிவப்பாகி வரும். அடியில் தண்ணீர் நிற்கிறது என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று, கேட்க ஆள் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், என் புருஷன் ஸ்டாமெனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் ஸ்மோல்யான் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காலை ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அவனையும் சேர்த்து செவ்தா டீச்சர், புகையிலை பயிரிடுகிற அசான் என்று மூன்று பேர் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள். அந்த பஸ் மூச்சு விடுகிற வரைதான் அவர்களும் விடுவார்கள். சாயங்காலம் திரும்பி இறங்கியதும் ஸ்டாமென் என் கையைப் பிடித்து முகர்வான். "டீசல் வாடை வருது, ஊருக்கு வந்துட்டேன்," என்பான்.

புது டீசல் லாரி ஒரு வியாழக்கிழமை வந்தது. அதற்கு அரை மணி முன்னால் நான் கனம் கட்டிய பாட்டிலைக் கயிற்றில் கோத்துத் தொட்டியின் அடிவரை இறக்கி இழுத்தேன். வந்ததை டீசல் என்று சொல்ல வாய் வராது. கறுப்புக் கூழ். அதில் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்குகிறது. அழுகிய முட்டையை வினிகரில் ஊறப்போட்ட வாடை. கயிற்றிலிருந்து என் விரலில் வழிந்தபோது உடம்பே கூசியது. அதை ஒரு தயிர் ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய், மேனேஜரின் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன கருமம் இது?"

"உங்க உறை, லூபென் அண்ணே. நல்லாத் தோஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ஸ்பூன் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அடுத்த நொடி மீசையை வழித்துக்கொண்டு பழைய சிரிப்பைச் சிரித்தார்.

"அடின்னா அப்படித்தாம்மா இருக்கும். பம்பு மேல இருந்துதான உறிஞ்சப்போகுது? சாப்பிடுற எடத்துல கொண்டாந்து வெக்கிறியே, அறிவிருக்கா? எடு மொதல்ல."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். 'தொட்டி காலி செய்து சுத்தம் செய்யப்பட்டது' என்று அச்சடித்த காகிதத்தில் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் அவன் ஒரு சொட்டு இறக்க மாட்டான். பொறுப்பாளர் நான்தான். நீட்டிய காகிதத்தை நான் வாங்கவில்லை. லூபென் என் காதருகே வந்தார், பூண்டு நாற்றம் முகத்தில் அடித்தது.

"போடலன்னா லாரி திரும்பிப் போயிரும். மேல கிடந்த டீசல் காலையிலயே தீந்துபோச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கா? அஞ்சு மணி பஸ்ஸ தள்ளிக்கிட்டா போகப்போற?"

போட்டேன். அந்தச் சளி அப்போதும் என் விரல் இடுக்கில் இருந்தது, காகிதத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் விழுந்தது. எலுமிச்சை, வினிகர், அடுப்புச் சாம்பல் என்று தேய்க்காதது இல்லை, அந்த முட்டை வாடை மட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஸ்டாமெனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் பஸ்கள் ஓடின. லூபென் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, நல்ல பனி, ரோஷென் கணவாய் ஏற்றத்தில் மின்கோவின் பஸ் இருமி இருமி நின்றது. அவன் ஃபில்டரைக் கழற்றினான். உள்ளே கறுப்புச் சளி அடை அடையாக இருந்தது. மாற்றினான், இரண்டு கிலோமீட்டர் போனான், மறுபடியும் நின்றது. கைவசம் இருந்த இன்னொன்றும் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு ஹீட்டரும் இல்லை, ஃபோனில் சிக்னலும் இல்லை.

திங்கட்கிழமைதான் அவர்களுக்கு மோசமான நாள். வெள்ளிக்குப் பிறகு சேர்ந்த தண்ணீரெல்லாம் உடம்புக்குள்ளேயே நிற்கும். நாலு மணி நேரம் கழித்து ஒரு மர லாரிக்காரன் அவர்களைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். அதற்குள் செவ்தா டீச்சரின் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஸ்டாமென் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி படுத்தான். "டீச்சர் படுக்கவும் முடியாம, உக்காரவும் முடியாம, தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரியே மூச்சு வாங்குனாங்க. என் தோளப் புடிச்ச பிடிய விடவே இல்ல," என்றான்.

செவ்வாய்க்கிழமைக்குள் எல்லா பஸ்ஸும் படுத்துவிட்டன. ப்லோவ்திவ் ஆட்கள் வந்து தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். பதினொரு டிரம் கசடு வந்தது. தோல் தோலாக உரிந்த கறுப்பு, அழுகிய எலி இரண்டு. டிப்போ நாய்கூடக் கிட்டே வரவில்லை. லூபென் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே கழுவச் சொன்னேன்," என்று ப்லோவ்திவ்காரனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். தூ என்று துப்பினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு ஸ்டாமெனையும் அசானையும் கூட்டிக்கொண்டு போய் லூபென் வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலில் அவருடைய மெர்சிடிஸ் நின்றது. பழைய டீசல் வண்டி, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார்.

"வண்டிய எடுங்க, அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இரவு உடுப்போடு வந்து நின்றவர் கையை விரித்தார். "எடுக்க மாட்டேன்னா சொல்றேன், வெலிகா? ஆனா என் வண்டியிலயும் அதே டிப்போ டீசல்தான ஓடுது? வழியில நின்னுட்டா? இவங்க உயிரு முக்கியம் இல்லையா?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த மெர்சிடிஸ் என் பம்புக்கு வரும். ஓசி டீசல், டேங்க் வாய் வரைக்கும் ஊற்றச் சொல்வார். ஜாடியைக் காட்டிய நாளிலிருந்து அது வரவில்லை. ஒரே ஒரு தடவைகூட வரவில்லை. தயிர்க் கதையெல்லாம் எங்கள் பஸ்ஸுக்கு மட்டும்தான்.

"பம்பு புடிக்கிறவ நான்," என்றேன். "லாரி வந்த நாள்லருந்து உங்க வண்டிக்கு நான் ஒரு சொட்டு ஊத்தல. எங்க ஊத்துனீங்க? சொல்லுங்க. இல்ல, அண்ணி கிட்டயே கேக்கவா?"

அண்ணி அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளே சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

முன்னால் ஸ்டாமென் உட்கார்ந்தான். பின்னால் நானும் அசானும், நடுவில் செவ்தா டீச்சருடைய கம்பளிச் சால்வை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடக்கிறவளுக்குக் கொண்டுபோனேன். கணவாய் ஏற்றத்தில் வண்டி ஒரு விக்கல்கூட இல்லாமல் ஏறியது.

"லூபென் அண்ணே, வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதே," என்றான் ஸ்டாமென். "உறை ஊத்தாத டீசலா?"

அசான் வாய்விட்டுச் சிரித்தான். லூபெனின் காது மடல் சிவந்தது. பஸ் நின்ற இடத்தைத் தாண்டும்போது ஸ்டாமென் பனியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அந்தக் காகிதத்துல யாருண்ணே கையெழுத்துப் போட்டது? தொட்டி சுத்தம்னு?"

லூபென் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக மீசைக்கடியில் சிரித்தார். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், நீயும் வாயை மூடிக்கொள் என்கிற சிரிப்பு. நானும் அவரும் ஒரே சட்டித் தயிர் என்கிற சிரிப்பு. தொட்டி முழுக்க இருந்த கசடையும் என் வாய்க்குள் ஊற்றினாற்போல் இருந்தது.

"நான்தான் போட்டேன், ஸ்டாமென்," என்றேன். "கழுவலன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

அவன் திரும்பவில்லை. அசான் டீச்சரின் சால்வையை மெதுவாகத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எப்போதும்போல ஸ்டாமெனின் கையைப் பிடிக்கப் போனேன்.

"வேண்டாம். நானே நடந்துக்குறேன்," என்றான்.