ஏழாம் இலக்கம்

விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வெள்ளவத்தைக் கால்வாயின் தண்ணீர் தொடை வரை ஏறி நின்றது. இழுக்க இழுக்க, தண்ணீரை மூடிப் படர்ந்த ஆற்றுவாழையின் வேர் ஒவ்வொன்றும் ஒரு வாளிச் சேற்றோடு வந்தது. அதோடு சோற்றுப் பார்சல் தாள், குழந்தைகளின் பம்பர்ஸ், ஊதிப்போன பூனை ஒன்று. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று கைமாற்றிக் கரையில் எறிந்தார்கள். காலி வீதியில் முதல் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடின.

"காலில என்ன போட்டிருக்கிறீங்க?" என்று பக்கத்தில் நின்ற ஹாஷிமைக் கேட்டான் றேமண்ட்.

"றப்பர் செருப்பு. ஒண்டுதான். மத்தத மீனுக்குக் குடுத்தாச்சி."

பூட்ஸ் கிடைத்ததாகப் பன்னிரண்டு பேரும் முதல் நாளே கையெழுத்து வைத்திருந்தார்கள். பூட்ஸ் வரவில்லை.

எல்லோரும் மறியலிலிருந்து தண்டனைக் காலம் முடியுமுன் விடப்பட்டவர்கள். நிபந்தனை இதுதான்: காலையில் சமூக சேவை, பின்னேரம் கொட்டாஞ்சேனைப் பட்டறையில் வெல்டிங் பயிற்சி. ஒவ்வொரு நாள் முடிவிலும், இரண்டுக்கும் பொறுப்பான பட்டறை முதலாளி கிருஷ்ணராஜ் அட்டையில் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் மிச்சத் தண்டனைக்குத் திரும்ப உள்ளே. ஹாஷிமுக்கு ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. உம்மாவின் மையத்தை அடக்கப் போன நாள்.

கரையில் பிளாஸ்க்கோடு நின்ற கிருஷ்ணராஜ் கத்தினார்: "மதகுக்குள்ள அடைச்சிருக்கு. ரிஸ்கான், நீ மெலிஞ்சவன். போ!"

ரிஸ்கானுக்கு முந்தின இரவிலிருந்து காய்ச்சல். பல் அடித்துக்கொண்டிருந்தது.

"அவனுக்கு ஏலாது சேர். நான் போறன்," என்றான் ஹாஷிம். சட்டையைக் கழற்றி றேமண்டின் கையில் கொடுத்தான். அவனுடைய ஏழாம் இலக்க அட்டை சட்டைப் பையில் இருந்தது.

"மேல கல்லு வெடிச்சிருக்கு சேர்," என்றான் றேமண்ட்.

"அது நான் பிறக்க முன்னமே வெடிச்சது. போகச் சொல்லும்."

ஹாஷிம் அலவாங்குக் கம்பியோடு குனிந்து உள்ளே போனான். அலவாங்கால் குத்தும் சத்தம் மூன்று தரம் கேட்டது. நாலாவது சத்தம் அலவாங்குடையதல்ல.

கல்லைத் தூக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஹாஷிமின் வலது பாதம் பாதமாக இல்லை. ஓட்டோ ஒன்றில் ஏற்றியபோது றேமண்டும் ஏறப்போனான்.

"நீர் இறங்கும். ஏறினா இண்டைக்கு உமக்குக் கையெழுத்து இல்லை," என்றார் கிருஷ்ணராஜ்.

றேமண்ட் இறங்கினான். ஹாஷிம் தனியே போனான். ஒன்பது மணி வரை மற்றவர்கள் ஆற்றுவாழை இழுத்தார்கள்.

*

பட்டறையில் வெல்டிங் மெஷின் வந்த நாளிலிருந்து பொலித்தீன் உறையோடு நின்றது. ஐந்து மாதமாக ஒருவனும் அதில் தீப்பொறி கண்டதில்லை. பின்னேரங்களில் வெளியாருடைய இரும்புக் கேற்றுகளில் துரு சுரண்டினார்கள். அதுதான் பயிற்சி.

கிருஷ்ணராஜ் றேமண்டைக் கூப்பிட்டு ஆள் வரவுப் புத்தகத்தைத் தள்ளினார். கணக்கியல் படித்தவன் என்பதால் அது அவன் பொறுப்பு.

"இரும். நீர் படிச்ச மனிசன். இண்டையப் பக்கத்தைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதும். ஏழாம் இலக்கம் வரேல்லை."

"வந்தவர்."

"ஆர் கண்டது?"

"நீங்க கண்டது. நீங்கதானே உள்ள அனுப்பினது."

கிருஷ்ணராஜ் சிரித்தார். "மறியல்காரரை வேற ஆர் ஐசே எடுப்பான்? பூட்ஸ் கதை வெளிக்கிட்டா இந்த இடத்தை மூடுவாங்கள். பிறகு பன்னிரண்டு பேரும் எங்க போவியள்?"

"இன்னொரு நாள் வரேல்லை எண்டு எழுதினா அவர் ஆஸ்பத்திரியில இருந்து நேரா உள்ளதான்."

"அது அவன்ர விதி. நாளைக்கு ஸமீமா மிஸ் பாக்க வாறா. பக்கம் சரியா இருந்தா, உமக்குக் கிடக்கிற இருபத்தொரு நாளுக்கும் இப்பவே கையெழுத்து வைக்கிறன். இல்லையெண்டா ஒண்டுக்கும் இல்லை."

றேமண்ட் புத்தகத்தோடு வெளியே வந்தான். மனைவி நிலூஷாவை அடக்கம் செய்த அன்று அவனுடைய வலது கையில் விலங்கு இருந்தது. இடது கையால் மண் போட்டான். அதற்குப் பிறகு எதுவும் அவனுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. ஆனால் தனியே போன அந்த ஓட்டோ மட்டும் காலையிலிருந்து கண்ணை விட்டுப் போகவில்லை.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எழுதிக் குடுங்க அண்ணே," என்றான் அவர்களில் ஒருவனான றமேஷ். "எங்கட கதைய ஆர் கேக்கப் போறது? நாங்க கள்ளர்."

"நாளைக்கு உனக்குக் கல்லு விழுந்தா?"

"விழட்டும். வெளியில கிடந்து சாவன்."

ரிஸ்கான் குழாயைப் பூட்டினான். "சேர் சொன்னது ஏண்ட பேர. ஹாஷிம் நானா போன ஏண்ட எடத்துக்கு. எனக்கு மூணு நாள்தான் ஈக்கி. மூணே மூணு நாள். ஆனா அந்தப் பக்கத்தக் கிழிக்க ஏலா."

றமேஷ் தலையைச் சொறிந்தான். "உனக்கே மூணு நாள். எனக்கு ரெண்டு மாசம். நான் ஏன்டா பயப்பிடுறன்?"

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் குழாயடியில் குந்தி, மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

*

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சீர்திருத்த அதிகாரி ஸமீமா பட்டறையைப் பார்க்க வந்தார். கிருஷ்ணராஜ் விசிலை எடுத்தார்.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. பயிற்சியின் முதல் நாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடத்தான் அவர் அதை ஊதினார். பன்னிரண்டு பேரும் தேத்தண்ணியைப் பார்க்கவில்லை. மறியலில் பழகியபடி, இரண்டிரண்டாக நிலத்தில் குந்தி, தலையைக் குனிந்து, ஒன்று, இரண்டு என்று இலக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கிருஷ்ணராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து அதையே வழக்கமாக்கினார்.

விசில் ஒலித்தது.

றேமண்டின் முழங்கால் தானாக மடியப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினான். பக்கத்தில் ரிஸ்கானின் கால் உதறியது. ஆனால் மடியவில்லை. பதினொரு பேரும் நின்றார்கள்.

"குந்துங்கோடா!"

யாரும் அசையவில்லை.

"மிஸ், நேற்றையப் பக்கத்தை வாசிக்கிறன்," என்றான் றேமண்ட். கிழிபடாத பக்கத்தை விரித்து, இலக்கத்தை விட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் "வந்தனான்" என்றார்கள்.

"ஹாஷிம்."

"வந்தவர்," என்றான் ரிஸ்கான். "வந்தவர்," என்றான் றமேஷ். ஒவ்வொரு வாயாக அது வரிசை முழுக்கப் போய்த் திரும்பியது.

கிருஷ்ணராஜின் முகம் கறுத்தது. "மிஸ், இவங்கள் கள்ளர். இவங்கட வாயை நம்புவியளா?"

"நாங்க களவுக்கு மறியல்ல ஈந்துட்டு வந்த சேர்," என்றான் ரிஸ்கான். "நீங்க செய்றதுக்கு என்ன பேர்?"

றேமண்ட் சேறு காய்ந்த அட்டை ஒன்றை மேசையில் வைத்தான். ஸமீமா எடுத்துப் பார்த்தார். "ஹாஷிமுட அட்டை. நேத்து கையெழுத்து இல்லையே?"

"பின்னேரம்தான் கையெழுத்து மிஸ். மதகுக்குள்ள அவரின்ர காலில கல்லு விடியவே விழுந்திட்டுது."

அவர் வரிசையின் வெறுங்கால்களைப் பார்த்தார். பூட்ஸ் கிடைத்ததாக அவர்கள் கையெழுத்து வைத்த தாளைப் பார்த்தார்.

"நான் இத எழுதினா விசாரணை வரும்," என்றார். "முடியும் வரைக்கும் உங்கள்ல ஒருத்தருக்கும் நாள் கணக்கில சேராது. அட்டை எங்கிட்ட இருக்கும். முடிவு எப்படி வரும்னு நான் வாக்குத் தர மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

மூன்று நாள் மிச்சமிருந்த ரிஸ்கான்தான் முதலில் நடந்தான். தன் அட்டையை ஹாஷிமின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு றமேஷ். பிறகு மற்றவர்கள். கடைசியில் றேமண்ட், இருபத்தொரு வெற்றுக் கட்டங்களோடு.

பன்னிரண்டு அட்டைகள். ஸமீமா பேனையைத் திறந்தார்.

கிருஷ்ணராஜ் மறுபடியும் விசிலை ஊதினார். இந்த முறை ஒருவரின் முழங்காலும் அசையவில்லை.