மிலிட்டரி மாப்பிள்ளை

தறிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? சோமனூர் பக்கம் நாற்பது வயதிலும் பெண் தேடி அலைகிறவர்களை எண்ணி மாளாது. அந்தப் பயத்தில்தான் என் வீட்டுக்காரர் மோகன்குமார் டெரிடோரியல் ஆர்மியில் சேர்ந்தார். வருஷத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி, மற்ற நாளெல்லாம் தறி. தரகர் யூனிபார்ம் போட்டோவை மட்டும் காட்டினார். என் அப்பாவும் மிலிட்டரி மாப்பிள்ளை, கவர்மென்ட் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக் கட்டிக்கொடுத்தார். பகுதி நேரப் பட்டாளம் என்று ஒன்று இருப்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நல்ல கூத்து!

ஆனால் மனுஷன் தங்கம். வாடகை ஷெட்டில் சொந்தமாக நான்கு விசைத்தறிகள். பழுது வந்தால் அவரே பார்ப்பார். நான் கூட நின்று நூல் மாற்றுவேன். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

போன வருஷம் எல்லையில் சண்டை என்றதும் கூப்பிட்டுவிட்டார்கள். சீக்கிரம் வந்துவிடுவார் என்றார்கள். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. சம்பளம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. தறியை யார் பார்ப்பது? ஒன்று நின்றால் ஃபிட்டர் நாளைக்கு வருகிறேன் என்பார். அவர் வருவதற்குள் இன்னொன்று நிற்கும். துணி சொன்ன நாளில் போகவில்லை. நெய்வதற்குப் பாவும் நூலும் தருகிற வியாபாரி, உங்க ஊட்டுக்காரர் வந்தப்புறம் பாக்கலாமுங்க அம்மணி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பாவு நூலை வேறு ஷெட்டுக்குக் கொடுத்துவிட்டார். கும்பிட்டுக்கொண்டே கழுத்தறுப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச முடியாது. ஓடாத தறிக்கு இடம் எதற்கு என்று ஷெட்காரரும் காலி செய்யச் சொன்னார். நான்கையும் பழைய இரும்புக்குப் போட்டேன். லாரி போனதும் வெறும் ஷெட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவரிடம் சொல்லவில்லை. துப்பாக்கியோடு நிற்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? தறிச் சத்தமே காணோமே என்று போனில் கேட்பார். கரண்டு இல்லை என்பேன். சோமனூரில் எந்நேரமும் கரண்டு போகிறதென்று எல்லை வரைக்கும் தெரிந்துவிட்டது.

இன்று காலையில் பேசியபோது அவர் குரலில் அத்தனை சந்தோஷம். அடுத்த மாதம் அனுப்பிவிடுகிறார்களாம். விருப்பமுள்ளவர்கள் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம்.

“நான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. போதும் பட்டாளம். வந்து தறிய ஓட்டறேன்.”

எதை ஓட்டுவார்? இவர் அங்கே போனதால்தான் தறி போனது. இப்போது தறி போனதால் நானே இவரை அங்கே நிறுத்த வேண்டும். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“இருக்கறேன்னு மாத்திச் சொல்லிப்போடுங்க,” என்றேன். “தறி இல்லீங்க.”

எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை.

“பேரு குடுக்கச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது,” என்றார்.